ஏலத்துக்கு வந்திருப்பவை எல்லாம் தேக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சென்ற வாரம், நூறாண்டு கடந்த ஒரு பள்ளியின் பழைய மேசைகளும் பெஞ்சுகளும் மைதானத்து ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைக்கப்பட்டிருக்கும் படமும், அவை விரைவில் ஏலம் விடப்பட இருக்கின்றன என்ற செய்தியும் வெளியாகியிருந்தன. படத்தின் அடியில் ‘பழங்காலத் தேக்கு மேசைகள்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அந்த மூன்று சொற்களைப் பற்றியே இக்கடிதம்.

நான் 1973 முதல் 2004 வரை செங்கோட்டை, தென்காசி, குமரி வட்டாரப் பள்ளிகளில் தச்சுக் கைத்தொழில் ஆசிரியராகப் பணியாற்றியவன். மாணவர்களுக்கு உளி பிடிக்கவும் இழைப்புளி தள்ளவும் கற்றுக்கொடுப்பது சம்பளத்துக்கான வேலை. கோடை விடுமுறை முடிவதற்குள் உடைந்த பெஞ்சுகளுக்குக் கால் போட்டு, ஆடும் மேசைகளை இறுக்கிக் கொடுப்பது தலைமையாசிரியர்கள் எல்லோரும் என் தலையில் கட்டிய கூடுதல் வேலை. அதனால் சில நூறு பள்ளி மேசைகளை, மேலே பூசிய சாயத்துக்கு அடியிலும் பொருத்துகளுக்கு உள்ளேயும் பார்த்திருக்கிறேன். அவற்றில் முழுக்க முழுக்கத் தேக்கால் ஆனவற்றை எண்ண இரண்டு கை விரல்களே போதும். அவையும் பெரும்பாலும் தலைமையாசிரியர் மேசை, நூலக அலமாரி, ஆய்வுக்கூட மேசை என்ற வகையைச் சேர்ந்தவை. பிள்ளைகள் உட்கார்ந்து எழுதியவை வேறு மரங்கள். எவர்சில்வர் என்ற பெயர் எல்லா எஃகுப் பாத்திரத்துக்கும் ஒட்டிக்கொண்டதைப் போல, பழுப்பேறிய பழைய மரம் எதைக் கண்டாலும் தேக்கு என்று சொல்லும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது.

பிள்ளைகளுக்குத் தேக்கு கிடைக்காமல் போனதற்குக் காரணங்கள் உண்டு. குமரி மாவட்டமும் செங்கோட்டைப் பகுதியும் 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முன் அவை திருவிதாங்கூரின் நிலம். திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி (ரோஸ்வுட்), கருங்காலி, சந்தனம் ஆகியவை மன்னருக்கு உரிய மரங்கள். ஒருவர் தம் சொந்தப் புரையிடத்தில், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்ட நிலத்தில், தானாக முளைத்த தேக்கைக்கூடத் தம் விருப்பப்படி வெட்டிக்கொள்ள முடியாது. (இவற்றை ‘அரச மரங்கள்’ என்று எழுதினால் பிள்ளையார் வீற்றிருக்கும் மரமாகிவிடும் என்பதால், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ‘சர்க்கார் மரம்’ என்றே சொல்வார்கள்.) மலைக்கு இந்தப் பக்கம் இருந்த சென்னை மாகாணத்தில் நிலைமை வேறு விதம். ஆனைமலையில் வெட்டிய பெருந்தேக்குகள் 19ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்கும், பிறகு ரயில் பாதைகளுக்கும் போயின. மலைச்சரிவில் கட்டைகளை உருட்டிவிட்ட இடத்துக்குத்தான் டாப்சிலிப் என்ற பெயர் வந்தது. மலபாரில் ஆட்சியராக இருந்த கனோலி 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கினார் என்றால், காட்டுத் தேக்கு அப்போதே கைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தது என்று பொருள். கப்பலுக்கும் தண்டவாளத்துக்கும் தேடப்பட்ட மரத்தை ஊர்ப் பொதுமக்கள் சந்தா போட்டு நடத்திய பள்ளிக்கூடத்துக்கு யார் கொடுப்பார்? பர்மா தேக்கு கடல் வழியே வந்தது உண்மை; அது செட்டிநாட்டு வீடுகளின் தூண்களாகவும் நிலைக்கதவுகளாகவும் நின்றது. ஐந்தாம் வகுப்பு பெஞ்சு வரைக்கும் அது இறங்கி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆகவே அந்தக் காலத்து நிர்வாகிகள், எது பக்கத்தில் கிடைக்கிறதோ அதை வாங்கி, உள்ளூர்த் தச்சரை வரவழைத்து, பள்ளி வளாகத்திலேயே மேசை செய்வித்தார்கள். செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, மலைக்கு மேற்கே இருந்த மரம் எங்கள் பக்கத்து மரக்கடைகளுக்கு வருவது எளிதாயிற்று. அப்படி வந்தவற்றுள் நான் மிக அதிகமாகக் கையாண்டது வேங்கை.

வேங்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டும். புதிதாக இழைத்த வேங்கைப் பலகை மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். இடையிடையே கருஞ்சிவப்புக் கோடுகள் ஓடும். மரத்தை வெட்டினால் பட்டையிலிருந்து இரத்தம் போலப் பிசின் வடியும். வைரம் எனப்படும் உள்மரம் கடினமானது, கரையான் எளிதில் வாய் வைக்காது, ஆனால் இழை குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கிடப்பதால் இழைப்புளி ஒரு பக்கம் வழுக்கிப் போகும், மறு பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். அதைவிட முக்கியமான குணம், ஈரம் பட்டால் அது மஞ்சள் சாயம் விடும். பாலிஷ் தேய்ந்த வேங்கை மேசையில், ஐப்பசி மழையில் நனைந்து வந்த பையன் முழங்கையை ஊன்றி ஒரு பாடவேளை எழுதினால், வெள்ளைச் சட்டையின் கைப்பகுதி மஞ்சளாகிவிடும். எந்தச் சோப்புக்கும் போகவில்லை என்று தாய்மார்கள் பள்ளிக்கே வந்து கேட்டதுண்டு. பதில் சொல்ல என்னைத்தான் அனுப்புவார்கள். சர்க்கரை நோய்க்காரர்களுக்கென்று விற்கப்படும் வேங்கைக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் அது பழுப்பாகி, வெளிச்சத்தில் பிடிக்கும்போது ஓரங்களில் ஒரு நீலம் மின்னுகிறதல்லவா, அதுவும் இதே சாறுதான். சர்க்கரை குறைகிறதா என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும்; மேசை என்ன மரம் என்று கண்டுபிடிப்பதற்கு இதைவிட மலிவான சோதனை இல்லை. மேசையின் அடிப்பக்கத்தில் ஒரு சிட்டிகை தூள் சுரண்டித் தண்ணீர்த் தம்ளரில் போட்டுச் சற்று நேரம் காத்திருந்தால் போதும்.

அடுத்தது ஆயினி. காட்டுப்பலா இனத்தைச் சேர்ந்தது. குமரி மாவட்டத்தில் அதன் சின்னப் பழத்தைத் தின்று வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேரளத்தார் ஆஞ்ஞிலி என்று சொல்லும் இந்த மரத்தில்தான் அவர்களுடைய சுண்டன் வள்ளங்கள் என்ற நீளமான பந்தயப் படகுகள் செய்யப்படுகின்றன. தண்ணீரில் கிடந்தும் உளுத்துப் போகாத மரம் என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை. நேரான பலகையாக நீளத்துக்குக் கிடைக்கும் என்பதால், ஆறு பேர் வரிசையாக அமரும் நீள மேசைகளுக்கு மேற்பலகையாக ஆயினியைப் போட்டார்கள். அறுத்த புதிதில் பொன்னிறம்; முப்பது ஆண்டு வெளிச்சமும் கைபட்ட எண்ணெயும் ஏறிய பிறகு, பார்ப்பவர் சத்தியம் செய்து தேக்கு என்பார். தங்கள் படத்தில் முன்வரிசையில் கிடந்த நீளப் பலகைகள் ஆயினியாக இருக்கலாம் என்பது என் ஊகம். படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

கால்களுக்குப் பெரும்பாலும் மருது. கருமருது தேக்கைவிடக் கனமும் கடினமும் உள்ளது. ஆனால் காயவைப்பதில் பொறுமை காட்டாவிட்டால் வெடித்துவிடும், அதனால் அகலப் பலகைக்கு அதை நம்பமாட்டார்கள். இந்த மருதில் ஒரு வேடிக்கை உண்டு. அதில் துவர்ப்புச் சத்து மிகுதி என்பதால், இரும்பு ஆணி அடித்த இடத்தைச் சுற்றி ஈரம் பட்டவுடன் கருநீலமாக ஒரு வட்டம் விழும். மைக்கூட்டில் ஊற்றிய பழைய நாட்டு மை, கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சியதுதானே. அன்னபேதி என்பது இரும்பு உப்பு, கடுக்காயோ மருதின் நெருங்கிய உறவு. ஆகவே மேசையின் மேலே பையன் சிந்திய கறையும் கீழே காலில் ஆணியைச் சுற்றி விழுந்த கறையும் ஒரே வகை. பழைய தச்சர்கள் இதை அறிந்துதான் மருதுக் காலில் இரும்பைத் தவிர்த்து, துளை போட்டு, குறுக்குச் சட்டத்தின் நாக்கை அதில் இறக்கி, மூங்கில் ஆணி அறைந்து முடித்தார்கள். அப்படிச் செய்த பொருத்தை நான் பிரிக்க முயன்று, சட்டம் உடைந்து, ஆணி உடையாமல் நின்றதை என் மாணவர்கள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

வாகையையும் சொல்ல வேண்டும். அதை வாளால் அறுக்கும்போது எழும் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் அடுக்கடுக்காக வரும். ஒருமுறை மேசை ஒன்றைக் கருமருது என்று நினைத்து அறுக்கத் தொடங்கி, வகுப்பு முழுவதும் தும்மியபோதுதான் என் தவறு எனக்கே தெரிந்தது. பூவரசு அகலமாகக் கிடைப்பதில்லை. வண்டிச் சக்கரத்துக்குப் போகும் உறுதியுள்ள மரம் என்பதால் சிறு பெஞ்சுகளின் காலாக வரும். வேம்பு பல பள்ளிகளில் வளாகத்திலேயே காற்றில் சாய்ந்த மரம். முதுகுச் சாய்வுப் பலகையாகப் போடுவார்கள், பாலிஷ் அவ்வளவாக ஏறாது, பூச்சி அண்டாது. புத்தகம் வைக்கும் அடித்தட்டுக்கு மா. மாம்பலகை மலிவு, வெள்ளைப் பகுதி உளுத்து மாவாகக் கொட்டும். பழைய மேசைகளைத் தூக்கும்போது தரையில் விழும் தூளைப் பார்த்து ‘எல்லாம் உளுத்துப் போய்விட்டது’ என்று முடிவு கட்டுகிறவர்கள், உளுத்தது அந்த அடித்தட்டு மட்டும்தானா என்று குனிந்து பார்ப்பதில்லை.

ஆக, ஒரே மேசையில் மூன்று மரம், சில சமயம் நான்கு மரம். காலுக்குக் கடினம், மேற்பலகைக்கு வளையாத குணம், தட்டுக்கு மலிவு என்று அறிந்து சேர்த்த கணக்கு அது. டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் நம் நாட்டு மரங்களின் கனம், வலு, கடினம் முதலியவற்றைத் தேக்கு 100 என்று வைத்து ஒப்பிட்டு அட்டவணை போட்டிருக்கிறார்கள். கனத்திலும் கடினத்திலும் தேக்கை மிஞ்சிய மரங்கள் அதில் பல உண்டு. தேக்கின் பெருமை, வெயிலிலும் மழையிலும் உருவம் மாறாமல் நிற்பதிலும், உள்ளே இருக்கும் எண்ணெயால் இரும்பையும் பூச்சியையும் ஒருங்கே சமாளிப்பதிலும் இருக்கிறது. தேக்கு இல்லை என்பதனால் ஒரு மேசை மட்டமாகிவிடுவதில்லை. ஈட்டி என்றால் கதையே வேறு.

அந்தக் கதை 1990களின் தொடக்கத்தில் நடந்தது. நான் அப்போது பணியாற்றிய பள்ளி ஒன்றில், நாற்பது மேசைகளும் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு பெரிய செயல்விளக்க மேசையும் கழிவு செய்யப்பட்டன. எல்லாவற்றுக்கும் பல ஆண்டுகளாகப் பச்சை எனாமல் பெயிண்ட் அடித்து அடித்து, மரத்தின் முகமே தெரியாமல் போயிருந்தது. எடைக்கு எடுக்க வந்தவர் பெரிய மேசையைத் தூக்கச் சொன்னபோது, நான்கு பேர் சேர்ந்தும் சிரமப்பட்டார்கள். சந்தேகப்பட்டு, உடைந்த கண்ணாடிச் சில்லால் குறுக்குச் சட்டத்தின் அடியில் இரண்டு அங்குலம் சுரண்டினேன். பச்சைக்கு அடியில் ஊதா கலந்த கரும்பழுப்பு. அதில் மயிரிழை போலக் கருங்கோடுகள். சுரண்டிய சுருளைக் கையில் கசக்கினால் இலேசான இனிய மணம். ஈட்டி. சிலர் தோதகத்தி என்பார்கள். காய்ந்த தேக்கு ஒரு கன அடி பதினெட்டு, பத்தொன்பது கிலோ வரும் என்றால், ஈட்டி இருபத்துநான்கு கிலோவாவது வரும். தூக்கியவர்களின் முகம் சொன்னது சரிதான். அலுவலகத்துக்கு ஓடிச் சென்று சொன்னேன். எழுத்தர் இருப்புப் பதிவேட்டைத் திறந்து காட்டினார்: ‘மர மேசை (பெரியது) – 1; மர மேசை (சாதா) – 40’. என்ன மரம் என்று எழுத அதில் கலமே இல்லை. ஏலம் முறைப்படி முடிந்துவிட்டது, பணம் கட்டப்பட்டுவிட்டது. வண்டி செங்கல் சூளைக்குப் போயிற்று. அந்த எழுத்தர் மேல் எனக்கு இன்றும் குறை இல்லை. அவர் பதிவேட்டில் இருந்ததைத்தான் விற்றார்.

அதற்குச் சில ஆண்டுகளுக்குள், 1994இல், தமிழ்நாடு அரசு ஈட்டி மரங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்றது. 2017 முதல் அந்த மரத்தின் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. ஈட்டி, வேங்கை, பழைய ஆயினி போன்றவற்றில் வைரம் பாய்ந்த அகலப் பலகை இன்று ஒரு தச்சருக்கு வேண்டுமென்றால், பழைய வீட்டை இடிக்கும் இடத்துக்கோ இப்படிப்பட்ட ஏலத்துக்கோதான் அவர் போக வேண்டும். ஆறடி நீளம், பதினைந்து அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம் உள்ள மேற்பலகையும் அதற்கேற்ற பெஞ்சும் சேர்ந்தால், கால்களையும் சட்டங்களையும் கூட்டி, ஒரு ஜோடியில் இரண்டு கன அடிக்கு மேல் மரம் இருக்கும். அதை விறகு எடைக்குக் கொடுக்கிறோம்.

பழைய மேசைகளை வகுப்பறையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. நீள பெஞ்சில் நடுவில் அகப்பட்ட பிள்ளை வெளியே வர மூன்று பேர் எழ வேண்டும். இரும்புக் குழாய்க் காலுள்ள புது மேசைகள் அந்த வகையில் நல்லவை. பெஞ்சின் காலடி மூன்று அங்குலம், தரையைக் கழுவும் தண்ணீரால் செத்துப் போயிருக்கும் என்பதும் உண்மை. அந்த மூன்று அங்குலத்தை அறுத்துத் தள்ளினால் மிச்சம் முழுவதும் மரம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

கல்வித் துறையினரும் பள்ளி நிர்வாகங்களும் ஒன்று செய்யலாம். கழிவுப் பட்டியல் போடும் முன், இருப்புப் பதிவேட்டில் ‘மரத்தின் வகை’ என்று ஒரு கலம் சேர்த்து, ஊரில் உள்ள அனுபவமுள்ள தச்சர் ஒருவரை அழைத்து அதை நிரப்பச் சொல்லலாம். அரை நாள் வேலை. மேசையைக் கவிழ்த்து, பெயிண்ட் படாத அடிப்பக்கத்தைச் சுரண்டி, நனைத்து, முகர்ந்து, தூக்கிப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும். தேக்கு என்றால் கைக்கு மெழுகு தடவியது போல வழவழப்பும், பழைய தோல் போன்ற வாசனையும், வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்களும் இருக்கும். வகை பிரித்து ஏலம் விட்டால் பள்ளிக்கு வரும் தொகையும் கூடும். வாங்குகிறவரும் அதைச் சூளைக்குக் கொண்டுபோக மாட்டார். விற்க மனமில்லாத பள்ளிகள் நல்ல மேற்பலகைகளை மட்டும் கழற்றி நூலகத்துக்குத் தட்டுகளாகப் போட்டுக்கொள்ளலாம். அதுவரை தயவுசெய்து அவற்றின் மேல் மறுபடியும் எனாமல் பெயிண்ட் அடிக்காமல் இருந்தால் போதும்.

தாங்களும் அடுத்த முறை இத்தகைய படம் வெளியிடும்போது ‘பழைய மர மேசைகள்’ என்று மட்டும் எழுதிவிடலாம். தேக்கு என்று அச்சில் வந்ததை நம்பி ஏலம் கேட்பவர் வீட்டுக்குப் போய் ஏமாந்தேன் என்பார். ஈட்டி உள்ளே இருந்தால் யாரும் கேட்காமலே போய்விடும்.

செய்தியில் குறிப்பிட்ட பள்ளி நிர்வாகம் ஏலத் தேதிக்கு முன் என்னை அழைத்தால் வரத் தயாராக இருக்கிறேன். கண்ணாடிச் சில்லும் ஒரு தம்ளரும் நானே கொண்டுவருவேன். தண்ணீர் மட்டும் அவர்கள் கொடுக்க வேண்டும். பேருந்துச் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வு பெற்ற தச்சுக் கைத்தொழில் ஆசிரியர்,
தென்காசி மாவட்டம்